பன்னிரண்டு கூம்பு, மூன்று தவறான சீட்டு: பைன் மாதிரிப் பெட்டி பற்றி

நான் தாவரங்களை வரைபவள். பாடநூல், கையேடு, விதைப் பாக்கெட்டின் முகப்பு என்று எது வந்தாலும் வரைவேன். போன ஆண்டு பத்து பைன் மரங்களை வரைந்து தரச் சொல்லி ஒரு வேலை வந்தது. பத்தில் நான்கைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். படங்களைச் சரிபார்த்த தாவரவியல் பேராசிரியர் ஓரத்தில் பென்சிலால் ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "நான்கும் ஒரே மரம்." கோபம்தான் வந்தது. அப்புறம் நான்கையும் அடுத்தடுத்து வைத்துப் பார்த்தேன். மனிதர் சொன்னது சரி. 'பைன் மரம்' என்று என் மனதில் இருந்த ஒன்றை வரைந்து, அதற்கு நான்கு பெயர் வைத்திருந்தேன்.

செடிகளை அடையாளம் காட்டும் செயலி ஒன்று போனில் உண்டு. பூக்களில் அது பெரும்பாலும் ஏமாற்றாது. பைன் என்று வந்துவிட்டால் தள்ளி நின்று எடுத்த எந்தப் படத்தைக் காட்டினாலும் ஸ்காட்ஸ் பைன் என்று சாதிக்கிறது. அதைத் திட்டவும் மனமில்லை. பைனஸ் பேரினத்தில் நூற்றுக்கும் மேற்பட்ட இனங்கள் இருக்கின்றன. அவற்றைப் பிரித்துக் காட்டும் விஷயங்களில் பாதி, மரத்தை முழுதாக எடுத்த படத்தில் விழுவதே இல்லை. ஊசியிலையைப் பறித்து எண்ண வேண்டும், கூம்பைக் கையில் வைத்து அழுத்த வேண்டும், பட்டையை முகர வேண்டும். அதனால்தான் பைன் மாதிரிகள் அடங்கிய இந்தப் பெட்டியை வாங்கினேன். யார் விற்கிறார்கள் என்பதை எழுதப் போவதில்லை. இதே மாதிரிப் பெட்டிகளைப் பலரும் விற்கிறார்கள், நான் சொல்லப்போகிற குறைகள் மற்றவற்றிலும் இருக்கக்கூடியவைதான்.

பெட்டிக்குள் பன்னிரண்டு அறைகள். அறைக்கு ஒரு கூம்பு, அதனோடு காய்ந்த ஊசியிலைகள் போட்ட சின்னக் காகித உறை, பெயர்ச் சீட்டு. ஐந்தாறு இனங்களுக்குப் பட்டைத் துண்டும் உண்டு. மடக்கு லென்ஸ் ஒன்று. நாலாக மடித்த அடையாள அட்டவணை ஒன்று. உலகத்திலேயே நீளமான கூம்பு சுகர் பைனுடையது, அரை மீட்டர் வரை வளரும். அது இந்தப் பெட்டியில் இல்லை. இருந்தால் பெட்டியைச் சுமக்க இன்னொரு ஆள் வேண்டும் என்பதால் மன்னித்துவிட்டேன். ஆனால் சில்கோசா பைன் இல்லாதது வருத்தம்தான். மூன்று ஊசி, ஊசிக்கொத்தின் அடியிலிருந்து உதிர்ந்துவிடும் சவ்வு உறை, திட்டுத் திட்டாக உரியும் பட்டை என்று விதிகளை மீறும் மரம் அது. விதியைச் சொல்லித்தரும் பெட்டியில் விதிவிலக்கு ஒன்றாவது இருக்க வேண்டாமா?

முதலில் லென்ஸ். அதன் மேல் '30 மடங்கு' என்று பொறித்திருக்கிறது. நம்ப வேண்டாம். ஜன்னலுக்கு எதிர்ச் சுவரில் ஒரு வெள்ளைத் தாளை ஒட்டி, லென்ஸை அதன் அருகே பிடித்து, ஜன்னலின் தலைகீழ்ப் பிம்பம் தெளிவாக விழும் இடத்தை அளந்தேன். இரண்டரை சென்டிமீட்டர். கண் தெளிவாகப் பார்க்கும் தூரம் என்று வைத்துக்கொள்ளும் 250 மில்லிமீட்டரை அந்த 25-ஆல் வகுத்தால் பத்து. ஆக இது 10 மடங்கு லென்ஸ். பொய் சொல்லியிருக்கிறார்களே தவிர, எனக்கு இதில் நஷ்டம் இல்லை. உண்மையிலேயே 30 மடங்காக இருந்திருந்தால் பார்க்கும் பொருளை எட்டு மில்லிமீட்டர் தூரத்தில் பிடிக்க வேண்டியிருக்கும். வெளிச்சமும் போகாது, கையும் நடுங்கும். பைன் ஊசிக்குப் பத்து மடங்கு தாராளம். லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துக்கொண்டு, ஊசியை லென்ஸை நோக்கிக் கொண்டுவர வேண்டும். நான் பல வருடம் துப்பறியும் ஆசாமி மாதிரி கையை நீட்டிப் பிடித்துக்கொண்டு, ஒன்றும் தெரியவில்லை என்று புலம்பியவள்.

இந்தப் பெட்டியில் பொக்கிஷம் என்றால் காகித உறைகள்தான், கூம்புகள் இல்லை. வாங்கிய அன்று நானும் கூம்புகளைத்தான் மேசை முழுக்கப் பரப்பினேன். அழகாக இருந்தன, அவ்வளவுதான். மறுநாள் உறைகளைப் பிரித்து ஊசிகளை வெள்ளைத்தாளில் ஒட்டியபோதுதான் என் நான்கு படங்களில் என்ன தவறு என்று புரிந்தது. பைன் ஊசிகள் கிளையில் தனித்தனியாக முளைப்பதில்லை. அடியில் கட்டிய கொத்தாக வரும். பெரும்பாலான இனங்களில் கொத்துக்கு இரண்டு, மூன்று, அல்லது ஐந்து ஊசி. ஸ்காட்ஸ் பைனும் ஆஸ்திரியக் கறுப்புப் பைனும் இரண்டு. இமயமலையின் சீர் பைன் மூன்று. கிழக்கு வெள்ளைப் பைனும் இமயமலை நீலப் பைனும் ஐந்து. நான் என் படங்களில் தூரிகை வீச்சு எப்படிப் போனதோ அப்படி வரைந்திருந்தேன். ஓரிடத்தில் நான்கு, பக்கத்தில் ஏழு.

எண்ணிக்கையோடு விஷயம் முடிவதில்லை. கிழக்கு வெள்ளைப் பைனின் காகித உறையைப் பிரித்ததும், சரக்கு பழுது என்றுதான் நினைத்தேன். மற்றக் கொத்துகளின் அடியில் பழுப்பு நிறத்தில் சவ்வு மாதிரி ஒரு உறை இறுகப் பிடித்திருக்கிறது, சட்டைக்கையின் பட்டி போல. வெள்ளைப் பைனில் அது இல்லை. அனுப்பும்போது உதிர்ந்துவிட்டது என்று புகார் எழுத உட்கார்ந்து, பாதி எழுதியும்விட்டேன். நல்லவேளை அட்டவணையை ஒருமுறை பார்த்தேன். உதிர்வதுதான் அதன் இயல்பாம். பைன்களில் இரண்டு பெரிய பிரிவுகள். வன்பைன்களில் அந்த உறை, ஊசி விழும்வரை கூடவே இருக்கும். மென்பைன்களில் அது முதல் பருவத்திலேயே உதிர்ந்துபோகும். மரத்தின் முழுக் குடும்பமும் இந்த ஒரு சவ்வில் தெரிந்துவிடுகிறது. தொலைவிலிருந்து எடுத்த எந்தப் புகைப்படத்தில் இது தெரியும்?

பிளேடால் ஊசிகளைக் குறுக்கே வெட்டிப் பார்ப்பது அட்டவணையில் இல்லாத வேலை, நானாகச் செய்தது. இரட்டை ஊசியில் ஒவ்வொன்றும் அரைவட்டம். மூன்றும் ஐந்தும் கொண்டவற்றில் ஒவ்வொன்றும் முக்கோணம், உரித்த ஆரஞ்சின் சுளை மாதிரி. கொத்தைச் சேர்த்துப் பிடித்தால் இரண்டோ ஐந்தோ, எல்லாம் சேர்ந்து ஒரு உருளையாகிவிடுகின்றன. ஒரே உருளையை எத்தனை பங்காகப் பிரித்தார்கள் என்பதுதான் கணக்கு. அந்தக் கணக்கில் ஒன்றாகவே நிற்கும் மரமும் உண்டு: பைனஸ் மோனோஃபில்லா. அதற்குக் கொத்துக்கு ஒரே ஊசி, முழு உருளையாக. அதுவும் இந்தப் பெட்டியில் இல்லை. வெள்ளைப் பைன் ஊசியின் உள்பக்கங்களில் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. லென்ஸில் பார்த்தால் கோடு புள்ளிவரிசையாக மாறுகிறது. இலைத்துளைகள். மரம் தூரத்திலிருந்து ஏன் நீலமும் சாம்பலும் கலந்து தெரிகிறது என்பதற்கு அந்தப் புள்ளிகள்தான் காரணம். நிறம் கலக்கும்போது இது எனக்கு உதவியது.

காகித உறைகளில் குறை இல்லாமல் இல்லை. ஒவ்வொன்றிலும் மூன்றே மூன்று கொத்துகள். பாண்டரோசா பைனில் ஒரே கிளையில் மூன்று ஊசிக் கொத்தும் இரண்டு ஊசிக் கொத்தும் கலந்து வரும். எனக்கு வந்த மூன்றில் ஒன்று இரண்டு ஊசி. மூன்றை எண்ணி முடிவுசெய்பவர் தவறத்தான் செய்வார். குறைந்தது பத்தாவது வேண்டும். சீர் பைன் ஊசி இருபது, முப்பது சென்டிமீட்டர் நீளம். அதை உள்ளங்கையளவு உறைக்குள் மூன்றாக மடித்துத் திணித்திருக்கிறார்கள். கிளையிலிருந்து அந்த ஊசி எப்படித் தொங்கும் என்பதுதான் அந்த மரத்தின் தோற்றமே. மடிப்பு விழுந்த ஊசியை வைத்துக்கொண்டு நான் என்ன வரைவது?

அட்டவணை. இதை எழுதியவருக்கு விஷயம் தெரிந்திருக்கிறது, ஆனால் மரத்தடியில் நின்று பயன்படுத்திப் பார்க்கவில்லை. கூம்பில் ஆரம்பித்து ஊசியில் முடிக்கிறார். கூம்பு எல்லா மரத்திலும் கைக்கெட்டாது, தரையில் கிடப்பது பக்கத்து மரத்தினுடையதாக இருக்கலாம். ஊசி எப்போதும் உண்டு. நான் வரிசையை மாற்றி என் கையெழுத்தில் எழுதி ஒட்டிவிட்டேன்: கொத்துக்கு எத்தனை, அடியில் சவ்வு உறை இருக்கிறதா, நீளம், முறுக்கு, அப்புறம்தான் கூம்பும் பட்டையும். சிரிப்பு வரவழைத்த இடம் ஒன்று. சிவப்புப் பைனையும் ஆஸ்திரியக் கறுப்புப் பைனையும் பிரிக்க ஊசியை வளைத்துப் பாருங்கள், சிவப்புப் பைன் படக்கென்று ஒடியும், கறுப்புப் பைன் வளைந்துகொடுக்கும் என்கிறது அட்டவணை. பச்சை ஊசியில் அது அருமையான சோதனை. பெட்டியில் இருப்பது காய்ந்த ஊசி. எல்லாம் படக்கென்றுதான் ஒடிந்தன.

அந்தச் சிவப்புப் பைனைத் தேடியபோதுதான் பெட்டியின் பெரிய ஓட்டை தெரிந்தது. அட்டவணையில் பெயர் இருக்கிறது, அறைகளில் இல்லை. பதிலாக ஏழாவது அறையில் 'நார்வே பைன்' என்று ஒரு சீட்டு. சிவப்புப் பைனுக்கு வட அமெரிக்காவில் அப்படியும் ஒரு பெயர் உண்டு. நார்வேக்கும் அதற்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது, மரம் அமெரிக்கக் கண்டத்தினுடையது. சரி, அதுதான் போல என்று எடுத்தேன். கூம்பு பதினாலு சென்டிமீட்டர் நீளம். சிவப்புப் பைன் கூம்பு ஐந்தாறு சென்டிமீட்டரைத் தாண்டாது என்று அட்டவணையே சொல்கிறது. செதில்களை விரலால் தடவினேன். தாள் மாதிரி மெல்லியவை, அழுத்தினால் வளைந்தன. நுனியில் எதுவும் இல்லை.

அந்த 'எதுவும் இல்லை'தான் முக்கியம். பைன் கூம்பின் ஒவ்வொரு செதிலின் முகத்திலும் ஒரு சின்னக் குமிழ் அல்லது தழும்பு இருக்கும். பைன் கூம்பு முற்றப் பெரும்பாலும் இரண்டு ஆண்டு ஆகும். முதல் ஆண்டு வளர்ந்து நின்ற குட்டிக் கூம்பின் செதில் முகம், மறு ஆண்டு வளர்ச்சி அதைச் சுற்றிப் பருத்தபின் ஒரு குமிழாக நடுவிலோ நுனியிலோ தங்கிவிடுகிறது. போன வருடத்துக் கூம்பு இந்த வருடத்துக் கூம்பின் மேல் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று சொல்லலாம். பைனுக்கு உறவான ஸ்ப்ரூஸ் மரத்தின் கூம்பு ஒரே பருவத்தில் முற்றிவிடும். அதற்குப் போன வருடம் என்று ஒன்று இல்லை, அதனால் குமிழும் இல்லை.

காகித உறையைப் பிரித்தேன். கொத்தே இல்லை. ஒற்றை ஒற்றை ஊசிகள், இரண்டு சென்டிமீட்டர் கூட இல்லை. கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே உருட்டினால் நான்கு பக்கம் தட்டுப்பட்டு உருண்டது. இன்னொரு கூம்பு மரமான ஃபிர் மரத்து ஊசியாக இருந்தால் தட்டையாக இருக்கும், உருளாது. கூடவே இருந்த குச்சியில் ஊசி உதிர்ந்த இடமெல்லாம் சின்னச் சின்ன முளைகள், அரம் மாதிரி சொரசொரத்தன. சந்தேகமே இல்லை, நார்வே ஸ்ப்ரூஸ். பைன் பெட்டியில் பைன் அல்லாத மரம். பொதுப்பெயரை மட்டும் வைத்துச் சரக்கு எடுத்தால் இப்படித்தான் ஆகும். சீட்டில் சிவப்புப் பைனின் அறிவியல் பெயரான பைனஸ் ரெசினோசா என்று ஒரு வரி சேர்த்திருந்தால், யாராவது ஒருவர் பிசியா ஏபிஸை, அதாவது நார்வே ஸ்ப்ரூஸை, எடுத்து அந்த அறையில் வைக்கும்போது கை நின்றிருக்கும். சவுக்கைக்கூட ஆஸ்திரேலியப் பைன் என்று அழைக்கும் ஆட்கள் உண்டு. அது பூக்கும் தாவரம், ஊசி என்று நாம் நினைப்பது கணுக்கணுவான பச்சைக் குச்சி.

இரண்டாவது தவறை என் மகள் கண்டுபிடித்தாள். பாண்டரோசா, ஜெஃப்ரி என்ற இரண்டு பைன்களின் கூம்புகளையும் வைத்துக்கொண்டு விளையாடிக்கொண்டிருந்தவள், "அம்மா, இது சாது, இது கடிக்குது" என்றாள். கடிப்பதில் ஜெஃப்ரி என்று எழுதியிருந்தது. அட்டவணையில் எழுதியிருப்பது நேர் எதிர். இரண்டிலும் ஒவ்வொரு குமிழிலும் முள் உண்டு. பாண்டரோசாவில் முள் வெளிப்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும், கூம்பை இறுகப் பிடிக்க முடியாது. ஜெஃப்ரியில் முள் உள்நோக்கி வளைந்திருக்கும், உள்ளங்கையில் உருட்டலாம். ஜெஃப்ரி கூம்பு பொதுவாகப் பெரியதும்கூட. எங்கள் பெட்டியில் 'பாண்டரோசா' என்று சீட்டு ஒட்டியது பதினெட்டு சென்டிமீட்டர், 'ஜெஃப்ரி' பத்து. கண்ணை மூடிக்கொண்டு மாறி மாறிப் பிடித்துப் பார்த்தோம், ஆறு தடவையும் ஒரே தீர்ப்பு. சீட்டுகள் இடம் மாறியிருக்கின்றன.

சின்ன விஷயம்தானே என்று தோன்றும். இந்த இரண்டு மரத்தையும் குழப்பிக்கொண்டதற்கு மனிதர்கள் பெரிய விலை கொடுத்திருக்கிறார்கள். பாண்டரோசா பிசினை வடித்தால் டர்பன்டைன் கிடைக்கும். ஜெஃப்ரி பிசினை வடித்தால் வருவது பெரும்பாலும் எளிதில் தீப்பற்றும் ஹெப்டேன், பெட்ரோலின் ஆக்டேன் அளவுகோலில் பூஜ்யம் என்று வைத்தார்களே, அதே பொருள். டர்பன்டைன் காய்ச்சியவர்கள் தெரியாமல் ஜெஃப்ரி பிசினை உலையில் ஏற்றி வெடிவிபத்தில் மாட்டியிருக்கிறார்கள். பெட்டியில் இருந்த ஜெஃப்ரி பட்டைத் துண்டை மூக்கருகே வைத்தால் லேசாக வெனிலா வாசனை. உலையில் ஏற்றும் முன் யாராவது பட்டையை முகர்ந்திருந்தால் என்று நினைத்துக்கொண்டேன். ஆனால் பாண்டரோசா பட்டையிலும் சில மரங்களில் அதே வாசனை வருமாம். மூக்கை மட்டும் நம்ப முடியாது, முள்தான் உத்தரவாதம்.

கூம்புகளின் தரத்தில் குறை சொல்ல இல்லை. வந்தபோது ஈரம் பட்டு எல்லாம் இறுக மூடியிருந்தன. ஜன்னலோரம் இரண்டு நாள் வைத்ததும் ராத்திரியில் டிக் டிக் என்று சத்தம் போட்டுக்கொண்டு திறந்தன. தண்ணீரில் போட்டால் மறுபடி மூடிக்கொள்ளும். செதிலின் இரண்டு அடுக்குகள் ஈரத்துக்கு வெவ்வேறு அளவில் விரிவதால் வருகிற வித்தை, உயிர் வேண்டியதில்லை. ஸ்டோன் பைன் கூம்பு முற்ற மூன்று ஆண்டு ஆகும். அதன் செதில்களுக்குள் இரண்டு கெட்டிக் கொட்டைகள் இன்னும் இருந்தன. ஸ்காட்ஸ் பைன் கூம்பின் அடியில் செதில்கள் சுழன்று ஏறும் வரிசைகளை வண்ண நூல் சுற்றி எண்ணினேன், ஒரு பக்கம் 8, மறுபக்கம் 13. என் பழைய படத்தில் இரண்டு பக்கமும் பத்து பத்தாக, மீன் வலை மாதிரி பின்னியிருந்தேன். பேராசிரியர் அதைப் பற்றி ஒன்றும் எழுதாதது அவருடைய பெருந்தன்மை.

திறக்காதது ஒன்றே ஒன்று, ஜாக் பைன். நான்கு சென்டிமீட்டர் இருக்கும், ஒரு பக்கமாக வளைந்த குட்டிக் கூம்பு. ஊசியும் குட்டை, மூன்று சென்டிமீட்டர், முறுக்கிக்கொண்டு இரண்டும் விலகி நிற்கும். ஒரு வாரம் வெயிலில் வைத்தும் அசையவில்லை. அதன் செதில்களைப் பிசின் ஒட்டி வைத்திருக்கிறது. சுமார் 50 டிகிரி வெப்பம் பட்டால்தான் பிசின் இளகும், காட்டில் அதைப் பெரும்பாலும் தீ செய்கிறது. கொதித்த தண்ணீரில் சில நொடி முக்கியெடுத்துக் காய வைத்தேன். அடுத்த நாள் சாயங்காலம் பிளந்தது. இறக்கை வைத்த கறுப்பு விதைகள் கொஞ்சம் கொட்டின.

விற்பவருக்குத் தவறான மூன்று சீட்டுகளையும் பற்றிப் படத்தோடு எழுதினேன். ஸ்ப்ரூஸுக்குப் பதிலாக உண்மையான சிவப்புப் பைன் கூம்பும் ஊசியும் மூன்று வாரத்தில் வந்தன. ஐந்து சென்டிமீட்டர், முள்ளில்லாத முட்டை வடிவம், கொத்துக்கு நீளமான இரண்டு ஊசி, எல்லாம் பொருந்துகிறது. ஸ்ப்ரூஸைத் திருப்பிக் கேட்கவில்லை, அதுவும் என்னிடமே இருக்கிறது, ஒப்பிடுவதற்கு வசதி. ஜெஃப்ரி விஷயத்தில் மட்டும் "இயற்கைப் பொருளில் வேறுபாடு இருக்கும்" என்று பதில். சீட்டை நானே பிரித்து மாற்றி ஒட்டினேன். ஐந்துக்கு மூன்றரை கொடுப்பேன். வரைபவர்கள், மரத்தடியில் நின்று குழம்பியவர்கள் தாராளமாக வாங்கலாம். சீட்டைப் படித்து மனப்பாடம் செய்ய நினைக்கும் மாணவருக்கு இப்போதைக்கு வாங்கித்தர மாட்டேன். திருப்பி வரைந்த நான்கு படங்களும் ஏற்கப்பட்டுவிட்டன.

ஜாக் பைன் விதைகளை மகள் ஒரு கோப்பையில் மண் போட்டுத் தூவியிருந்தாள். இரண்டு வாரத்தில் மூன்று முளைத்தன. குடைக்கம்பிகள் மாதிரி விதையிலைகள், அதற்கு மேல் ஒற்றை ஒற்றையாகச் சின்ன ஊசிகள். பைன் குட்டிகள் ஆரம்பத்தில் அப்படித்தான், கொத்து பிறகுதான் வரும். அட்டவணையைக் கோப்பையின் பக்கத்தில் விரித்து வைத்து அவள் விரலை ஓட்டிப் படித்தாள். 'ஊசிகள் தனித்தனியாக இருந்தால், அது பைன் அல்ல.'